பவர் சப்ளை ரிப்பிளைச் சரியாக அளக்க: எந்தப் புரோப், எப்போது ஆம்ப்ளிஃபையர்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். வலை சரிசெய்வது, பெயின்ட் அடிப்பது, எஞ்சின் இறக்குவது என்று கரையில் வேலை நடக்கும். என் மேசையில் ஜிபிஎஸ், வயர்லெஸ், எக்கோ சவுண்டர் (ஒலியை அனுப்பி ஆழத்தையும் மீனையும் காட்டும் கருவி), 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர் எல்லாம் வந்து குவிவதும் அப்போதுதான். ஒரு தடைக்காலத்தில் ஒரு படகுக்காரர் கன்வெர்ட்டரையும் எக்கோ சவுண்டரையும் ஒன்றாகக் கொண்டுவந்து வைத்தார். "அண்ணே, ஸ்கிரீன் பூரா மழை பெய்யுது. மீன் எது, கோடு எதுன்னே தெரியல."

கன்வெர்ட்டரின் அவுட்புட்டில் ஸ்கோப்பை (வோல்டேஜை அலையாகத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்) மாட்டினேன். பெட்டியோடு வந்த 10எக்ஸ் புரோப், அதோடு வந்த குரோக்கடைல் கிளிப். உச்சிக்கு உச்சி 280 மில்லிவோல்ட் காட்டியது. அவுட்புட் கெப்பாசிட்டர்களை மாற்றினேன், அதே 280. பாண்டியில் வேறு நல்ல கெப்பாசிட்டர் வாங்கிவந்து போட்டேன், அப்போதும் 280. இரண்டு நாள் போன பிறகு புரோப்பின் முனையை அதன் கிரவுண்டு கிளிப்பிலேயே வைத்துப் பார்த்தேன். அளக்க ஒன்றுமே இல்லாத அந்த இடத்தில் 190 மில்லிவோல்ட்! இரண்டு நாளாக நான் அளந்ததில் பெரும்பகுதி என் புரோப் வயர் காற்றிலிருந்து பிடித்தது.

அந்த இரண்டு நாள் உங்களுக்குப் போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். புரோப் வாங்குவதைப் பற்றி யோசிக்கும் முன் என்ன அளக்கப் போகிறோம் என்பது தெளிவாக வேண்டும். அங்கிருந்து தொடங்குவோம்.

முதல் படி: எது, எவ்வளவு, எந்த அலைவரிசை

டிசி அவுட்புட்டின் மேல் ஏறி நிற்கும் ஏற்ற இறக்கத்தை "ரிப்பிள்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒரு எஸ்எம்பிஎஸ்-ன் (வேகமாகத் திறந்து மூடும் சுவிட்ச் வழியாக வோல்டேஜை மாற்றும் சப்ளை) அவுட்புட்டில் மூன்று வேறு விஷயங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நிற்கும். முதலாவது 100 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை முழு அலையாக ரெக்டிஃபை செய்ததில் மிச்சம். இரண்டாவது சுவிட்சிங் ரிப்பிள். சின்ன அடாப்டர்களில் 65 கிலோஹெர்ட்ஸ், 100 கிலோஹெர்ட்ஸ் பக்கம் முக்கோணமாகத் தெரியும். மூன்றாவது, சுவிட்ச் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் எழும் ஊசி. அது பத்துப் பதினைந்து மெகாஹெர்ட்ஸிலிருந்து நூறைத் தாண்டியும் போகும். லீனியர் ரெகுலேட்டர் (சுவிட்ச் இல்லாமல் வோல்டேஜை நிலையாக வைப்பது) என்றால் கதை வேறு. அங்கே சுவிட்சிங் ரிப்பிளும் இல்லை, ஊசியும் இல்லை, பெரும்பாலும் மைக்ரோவோல்ட் கணக்கில் ஒழுங்கற்ற இரைச்சல்தான்.

ஒரு சின்னக் கணக்கு உதவும். இண்டக்டரின் ரிப்பிள் மின்னோட்டம் 1 ஆம்பியர், அவுட்புட் கெப்பாசிட்டரின் ஈஎஸ்ஆர் (அதன் உள் ரெசிஸ்டன்ஸ்) 30 மில்லி ஓம் என்றால் ரிப்பிள் சுமார் 30 மில்லிவோல்ட். கெப்பாசிட்டர் காய்ந்து ஈஎஸ்ஆர் 150 ஆகியிருந்தால் 150 மில்லிவோல்ட். ஆக, எஸ்எம்பிஎஸ் ரிப்பேரில் நாம் தேடுவது பத்துகள், நூறுகள் கணக்கில் மில்லிவோல்ட். அதற்கு ஆம்ப்ளிஃபையர் தேவையே இல்லை, நல்ல கேபிள் போதும். எல்எம்317 என்ற லீனியர் ரெகுலேட்டரை எடுத்துக்கொண்டால், அதன் டேட்டாஷீட் இரைச்சலை அவுட்புட்டில் 0.003 சதவீதம் என்கிறது. 5 வோல்ட்டுக்கு 150 மைக்ரோவோல்ட் ஆர்எம்எஸ் (ஒருவகைச் சராசரி அளவு). இதை ஸ்கோப்பில் நேரே மாட்டினால் ஸ்கோப்பின் சொந்த இரைச்சலோடு கலந்துவிடும். ஆம்ப்ளிஃபையர் வேண்டியது இங்கேதான்.

இரண்டாம் படி: எர்த் விஷயத்தில் விளையாட வேண்டாம்

மேசையில் வைக்கும் ஸ்கோப்பின் பிஎன்சி (புரோப் செருகும் வட்டக் கனெக்டர்) வெளிவளையம் மெயின்ஸ் எர்த்தோடு இணைந்திருக்கும். எஸ்எம்பிஎஸ்-ன் பிரைமரி (மெயின்ஸோடு நேரே இணைந்த) பக்கத்தில் கிரவுண்டு கிளிப்பை மாட்டினால் வெடிக்கும். இதைத் தவிர்க்கிறேன் என்று சிலர் ஸ்கோப் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அப்போது ஸ்கோப்பின் உலோக பாகம் எல்லாம் மெயின்ஸ் வோல்டேஜில் மிதக்கும். நமக்கு வேண்டியது தனிமைப்படுத்திய செகண்டரி பக்கத்தின் அவுட்புட். அங்கே மட்டும் தொடுவோம்.

உயர் மின்னழுத்த டிஃபரன்ஷியல் புரோப் இருந்தால் பிரைமரி வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரிப்பிளுக்கு அது சரிப்படாது. சிக்னலை ஐம்பதில் ஒன்று, ஐநூறில் ஒன்று என்று குறைத்துத்தான் அது ஸ்கோப்புக்கு அனுப்பும். 30 மில்லிவோல்ட் ரிப்பிள் அதன் இரைச்சலுக்கு அடியில் போய்விடும்.

மூன்றாம் படி: ஷார்ட் சோதனை

நான் இரண்டு நாள் தாமதமாகச் செய்தது இதைத்தான். இப்போது எந்த அளவீட்டுக்கும் முன்னால் இதுதான் முதல் வேலை.

சப்ளையை ஆன் செய்து, லோடும் கொடுங்கள். கிரவுண்டை அவுட்புட்டின் நெகட்டிவில் மாட்டுங்கள். புரோப்பின் முனையையும் அதே நெகட்டிவ் புள்ளியில், கிரவுண்டு தொடும் இடத்திலேயே தொடுங்கள். ஸ்கோப்பில் நேர்கோடு வர வேண்டும். வருகிற மிச்சம் எவ்வளவோ, அவ்வளவும் உங்கள் அளவீட்டின் பொய். உண்மை ரிப்பிளில் பத்தில் ஒரு பங்குக்குள் அது இருந்தால் நான் மேலே போவேன். இல்லையென்றால் முதலில் இதைச் சரிசெய்வேன்.

மிச்சம் இரண்டு வழியில் வரும். ஒன்று, கிரவுண்டு வயரும் புரோப்பும் சேர்ந்து ஒரு வளையமாகி, பக்கத்திலுள்ள டிரான்ஸ்ஃபார்மர், இண்டக்டரின் காந்தப்புலத்தைப் பிடிப்பது. வயரின் வளைவைக் கையால் நகர்த்தினால் அலை மாறும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். இன்னொன்று, சப்ளையின் ஒய் கெப்பாசிட்டர் (பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவில் இருப்பது) வழியாக வரும் காமன் மோட் மின்னோட்டம் (பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டு வயரிலும் ஒரே திசையில் ஓடுவது) புரோப்பின் கிரவுண்டு வழியாக எர்த்துக்குப் போவது. கேபிளை ஒரு ஃபெரைட் வளையத்துக்குள் நாலைந்து சுற்றுச் சுற்றிப் பாருங்கள். மிச்சம் குறைந்தால் காரணம் அதுதான். அந்த ஃபெரைட்டை அப்படியே விட்டுவைக்கலாம்.

அறையையும் கவனியுங்கள். மலிவான எல்இடி டியூப்லைட்டின் டிரைவர், மேசையில் சார்ஜ் ஆகும் போன் இரண்டுமே இரைச்சல் போடும். சப்ளையை அணைத்த பிறகும் ஸ்கோப்பில் அலை இருந்தால் அது அறையிலிருந்து வருவது.

நான்காம் படி: கையில் இருக்கும் புரோப்பைச் சரியாகப் பயன்படுத்துவது

10எக்ஸ் புரோப் சிக்னலைப் பத்தில் ஒன்றாக்குகிறது. ஸ்கோப் அதைத் திரும்பப் பத்து மடங்காக்கிக் காட்டுகிறது, ஸ்கோப்பின் இரைச்சலையும் சேர்த்துத்தான். ரைகால் டிஎஸ்1054இசட் போன்ற ஸ்கோப்பின் கீழ் எல்லை திரையின் ஒரு கட்டத்துக்கு 1 மில்லிவோல்ட். 10எக்ஸ் போட்டால் அது 10 மில்லிவோல்ட் ஆகிவிடுகிறது. 20 மில்லிவோல்ட் ரிப்பிளை இரண்டு கட்டத்தில் பார்ப்போம், அதிலும் பாதி புழுதி.

1எக்ஸ் சுவிட்சில் வைத்தால் இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் பெரும்பாலான 1எக்ஸ் புரோப்பின் பேண்ட்விட்த் (கடத்தக்கூடிய அலைவரிசையின் எல்லை) 6 முதல் 10 மெகாஹெர்ட்ஸ்தான். சுவிட்சிங் ரிப்பிளுக்கு அது தாராளம். ஊசியைப் பார்க்க மட்டும் போதாது.

இரண்டிலும் பெரிய எதிரி கிரவுண்டு வயர். 15 சென்டிமீட்டர் வயர் என்றால் மில்லிமீட்டருக்கு 1 நானோஹென்றி என்ற கணக்கில் சுமார் 150 நானோஹென்றி. 10எக்ஸ் புரோப் முனையின் 12 பிக்கோஃபாரடோடு சேர்ந்து இது ஏறக்குறைய 120 மெகாஹெர்ட்ஸில் மணி அடிக்கும். ஒவ்வொரு சுவிட்சிங் ஊசிக்கும் பின்னால் தெரியும் வால் பல நேரங்களில் இந்த மணியோசைதான். எஃப்எம் அலைவரிசை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ், பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் வானொலி நிலையத்துக்கு அருகில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது கூடுதல் தொல்லை.

இதற்கு மருந்து புரோப் பெட்டியில் கூடவே வரும் சின்ன ஸ்பிரிங். புரோப்பின் கொக்கித் தொப்பியைக் கழற்றினால் உள்ளே ஊசிமுனையும் அதைச் சுற்றி உலோக வளையமும் இருக்கும். அந்த வளையத்தில் ஸ்பிரிங்கைச் செருகி, முனையைக் கெப்பாசிட்டரின் பாசிட்டிவ் காலிலும் ஸ்பிரிங்கை நெகட்டிவ் காலிலும் அழுத்துங்கள். ஸ்பிரிங் தொலைந்துவிட்டதா? ஒரு ரெசிஸ்டரின் வெட்டிய காலை வளையத்தில் நாலு சுற்றுச் சுற்றினாலே போதும். எனக்குப் பல மாதம் அதுவே ஓடியது.

ஐந்தாம் படி: கோஆக்ஸ் துண்டு

கோஆக்ஸ் என்பது நடுக்கம்பியைச் சுற்றிச் செம்புப் பின்னல் போட்ட கேபிள். என்னைக் கேட்டால் பவர் சப்ளை வேலைக்கு இதுதான் சரியான புரோப், செலவும் மிகக் குறைவு. இரண்டு முனையிலும் பிஎன்சி உள்ள ஒரு மீட்டர் கேபிள் ஒன்று வாங்கி நடுவில் வெட்டுங்கள். இரண்டு புரோப் கிடைத்துவிட்டது.

ஆர்ஜி-58 தடிமனானது, விறைப்பானது. கேபிள் அசைந்தால் போர்டின் பேடையே பிய்த்துவிடும். ஆர்ஜி-174 மெலிசு, வளையும், ஆனால் உள்ளே பாலிஎதிலீன். சால்டரிங் அயர்னை ஒரு நொடி அதிகம் வைத்தால் உருகி, நடுக்கம்பி பின்னலோடு ஒட்டி ஷார்ட் ஆகிவிடும். ஆர்ஜி-316-ல் உள்ளே டெஃப்லான், சூட்டுக்கு அசையாது. கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

வெட்டிய முனையில் மேலுறையை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உரிக்காதீர்கள். பின்னலை ஒரு பக்கமாக முறுக்கி ஈயம் பூசுங்கள். நடுக்கம்பியோடு 51 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக, கால்களை முடிந்தவரை குட்டையாக வெட்டி சால்டர் செய்யுங்கள். ரெசிஸ்டரின் மறுமுனை அவுட்புட் கெப்பாசிட்டரின் பாசிட்டிவ் காலில், பின்னல் அதே கெப்பாசிட்டரின் நெகட்டிவ் காலில். மறுபக்கம் பிஎன்சியை ஸ்கோப்பில் நேராகச் செருகி, 1 மெகா ஓம் இன்புட்டில், ஏசி கப்ளிங்கில் (டிசியை விலக்கி ஏற்ற இறக்கத்தை மட்டும் காட்டும் அமைப்பு), புரோப் விகிதத்தை 1எக்ஸ் என்று அமைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 51 ஓம் எதற்கு? 1 மெகா ஓம் இன்புட் கேபிளின் 50 ஓமோடு பொருந்தாது, அதனால் வேகமான ஊசி அங்கே மோதித் திரும்பும். திரும்பி வருவதைச் சப்ளை முனையிலுள்ள 51 ஓம் விழுங்கிவிடுகிறது. சிக்னல் குறையாமல் ஒன்றுக்கு ஒன்றாக வருகிறது, சப்ளைக்கும் லோடு ஏறுவதில்லை. ஸ்கோப் இன்புட்டின் 15 பிக்கோஃபாரடைக் கணக்கில் எடுத்தாலும் 200 மெகாஹெர்ட்ஸ் வரை இடம் இருக்கிறது.

உங்கள் ஸ்கோப்பில் 50 ஓம் இன்புட் இருந்தால் ஒரு எச்சரிக்கை. அந்த இன்புட்டின் எல்லை பொதுவாக 5 வோல்ட் ஆர்எம்எஸ்தான். 12 வோல்ட்டை நேரே கொடுத்தால் 50 ஓமில் 2.9 வாட் எரியும், ஸ்கோப்பின் முகப்பு போய்விடும். அங்கே தொடராக ஒரு கெப்பாசிட்டர் கட்டாயம். அளவையும் பார்க்க வேண்டும்: 50 ஓமோடு 1 மைக்ரோஃபாரட் போட்டால் 3.2 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் மங்கும், 100 ஹெர்ட்ஸ் தெரியவே தெரியாது. 47 மைக்ரோஃபாரட் போட்டால் 68 ஹெர்ட்ஸ் வரை இறங்கலாம். ரிப்பேர் வேலைக்கு 51 ஓமும் 1 மெகா ஓமும்தான் நிம்மதி.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உப்புக்காற்றில் வெட்டுமுனையின் செம்புப் பின்னல் சில மாதத்தில் கறுத்துவிடும். கறுத்த பின்னல் ஈயத்தையும் பிடிக்காது, நல்ல கிரவுண்டும் தராது. வேலை முடிந்ததும் ஜிப் கவரில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் சேர்த்து வையுங்கள். மறுமுறை எடுக்கும்போது ஷார்ட் சோதனை வழக்கத்தைவிட அதிகம் காட்டினால் முனையை வெட்டிப் புதிதாக உரியுங்கள்.

ஆறாம் படி: அளக்கும் நிலை

ஒரே சப்ளையை இருவர் அளந்தால் இரண்டு எண் வருவது, நிலையைச் சொல்லாமல் அளப்பதால்தான். பெரும்பாலான டேட்டாஷீட்கள் 20 மெகாஹெர்ட்ஸ் எல்லையில் அளக்கின்றன. மீன்வெல் சப்ளைகளின் டேட்டாஷீட்டில் 12 அங்குல முறுக்கு வயரின் முனையில் 0.1 மற்றும் 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் இணையாக என்று எழுதியிருக்கும். கணினியின் ஏடிஎக்ஸ் சப்ளைக்கு 0.1-ம் 10-ம். அதன் எல்லை 12 வோல்ட் லைனில் 120 மில்லிவோல்ட், 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் 50 மில்லிவோல்ட், எல்லாம் உச்சிக்கு உச்சி. டேட்டாஷீட்டோடு ஒப்பிட வேண்டுமென்றால் ஸ்கோப்பின் 20 மெகாஹெர்ட்ஸ் லிமிட்டைப் போட்டு, அதே கெப்பாசிட்டர்களை வைத்து அளங்கள். கோளாறு தேடும்போது லிமிட்டை எடுத்துவிட்டும் ஒருமுறை பாருங்கள்.

லோடு இல்லாமல் அளந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. 12 வோல்ட், 3 ஆம்பியர் என்றால் 4 ஓம், 36 வாட். அலுமினிய உறை போட்ட 100 வாட் ரெசிஸ்டர் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் 55 வாட் ஹாலஜன் பல்பும் நல்ல லோடுதான், ஆனால் குளிர்ந்த நிலையில் அதன் ஓம் மிகக் குறைவு, சில சப்ளைகள் அதைக் கண்டதும் ட்ரிப் ஆகும். முழு லோடில் அளந்த பிறகு பத்தில் ஒரு பங்கு லோடிலும் பாருங்கள். குறைந்த லோடில் பல சப்ளைகள் விட்டுவிட்டு ஓடும். அப்போது ரிப்பிள் பெரிதாகி, காதுக்குக் கேட்கும் அலைவரிசைக்கே இறங்கிவிடலாம்.

டைம்பேஸை (திரையில் ஒரு கட்டத்தின் நேரம்) மூன்று இடத்தில் வைத்துப் பாருங்கள்: 100 ஹெர்ட்ஸுக்கு 5 மில்லிசெகண்ட், சுவிட்சிங்குக்கு 5 மைக்ரோசெகண்ட், ஊசிக்கு 50 நானோசெகண்ட். மெதுவான டைம்பேஸில் பீக் டிடெக்ட் (குறுகிய உச்சங்களையும் பிடிக்கும் முறை) போடாவிட்டால் ஊசிகள் தப்பிவிடும்.

ஏழாம் படி: ஆம்ப்ளிஃபையர் கட்டுவது

லீனியர் ரெகுலேட்டர், ஆடியோ, சென்சார் சப்ளை என்று மைக்ரோவோல்ட்டுக்கு இறங்கினால்தான் இந்தப் படி. இரைச்சல் மிகக் குறைந்த பெரிய ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும்) சிப்கள் உண்டு. ஏடி797, எல்டி1028 இரண்டும் ரூட் ஹெர்ட்ஸுக்கு 0.9 நானோவோல்ட் அளவில். ஆனால் உள்ளூர் கடையிலோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ சுலபமாகக் கிடைப்பது என்இ5534. அதன் 3.5 நானோவோல்ட்டே நம் வேலைக்குப் போதுமானது.

ஒவ்வொன்றும் பத்து மடங்கு கெயின் உள்ள இரண்டு நிலைகள், மொத்தம் நூறு. ஒரே நிலையில் நூறு வைத்தால் 10 மெகாஹெர்ட்ஸ் கெயின் பேண்ட்விட்த் 100 கிலோஹெர்ட்ஸாகச் சுருங்கும். இரண்டாகப் பிரித்தால் சுமார் 640 கிலோஹெர்ட்ஸ். ஃபீட்பேக்கில் 910 ஓமும் 100 ஓமும் போடுங்கள். 10 கிலோவும் 1 கிலோவும் போட்டாலும் கெயின் வரும், ஆனால் அந்த ரெசிஸ்டர்களின் வெப்ப இரைச்சலே சிப்பின் இரைச்சலை மிஞ்சிவிடும்.

இன்புட்டில் 10 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர், அளக்கும் வோல்டேஜைவிட நன்றாக அதிகமான ரேட்டிங்கில். எலக்ட்ரோலிட்டிக் வேண்டாம், அதன் கசிவே இரைச்சல் போடும். அடுத்து 100 ஓம் தொடராக. சிப்பின் இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓமும், எதிரெதிராக இரண்டு 1என்4148 டையோடும். சப்ளையை ஆன் செய்யும் நொடியில் கெப்பாசிட்டர் வழியாக முழு வோல்டேஜும் பாயும், அதிலிருந்து சிப்பைக் காப்பது இந்த டையோடுகளே. 5534-ன் பயாஸ் மின்னோட்டம் 500 நானோஆம்பியர் அளவில். 10 கிலோவில் அது 5 மில்லிவோல்ட், நூறு மடங்கானால் அரை வோல்ட். அதனால் இரண்டு நிலைக்கும் நடுவில் ஒரு கெப்பாசிட்டரும், இரண்டாம் சிப்பின் இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு இன்னொரு 10 கிலோவும் வையுங்கள். கடைசியில் 1 கிலோ ஓமும் 1.5 நானோஃபாரடும் போட்டால் 100 கிலோஹெர்ட்ஸில் வெட்டும். ரெகுலேட்டர் டேட்டாஷீட்கள் 10 ஹெர்ட்ஸ் முதல் 100 கிலோஹெர்ட்ஸ் வரை அல்லது 10 கிலோஹெர்ட்ஸ் வரை இரைச்சலைச் சொல்கின்றன, எதுவென்று பார்த்து ஒப்பிடுங்கள்.

பவருக்கு இரண்டு 9 வோல்ட் பேட்டரி. அடாப்டர் வைத்தால் அடாப்டரின் ரிப்பிளைத்தான் அளப்பீர்கள். எல்லாவற்றையும், பேட்டரியையும் சேர்த்து, ஒரு தகர டப்பாவில் வைத்து மூடியையும் போடுங்கள்.

கட்டி முடித்ததும் இரண்டு சோதனை. ஸ்கோப்பின் காலிப்ரேஷன் முனையில் 3 வோல்ட் சதுர அலை வருகிறது என்று வையுங்கள். 10 கிலோவும் 10 ஓமும் போட்டுப் பிரித்தால் 3 மில்லிவோல்ட். ஆம்ப்ளிஃபையர் வழியாக அது 300 மில்லிவோல்ட்டாக வந்தால் கெயின் சரி. அப்புறம் இன்புட்டை ஷார்ட் செய்து அடித்தளத்தைப் பாருங்கள். அவுட்புட்டில் வருவதை நூறால் வகுத்தால் இன்புட் கணக்கில் சுமார் 1.6 மைக்ரோவோல்ட் ஆர்எம்எஸ் வரவேண்டும். அளக்கும் இரைச்சல் இதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் பிழை 5 சதவீதம்தான். எல்எம்317-ன் 150 தாராளமாகத் தெரியும். எல்டி3045 என்ற குறைந்த இரைச்சல் ரெகுலேட்டரின் 0.8 மைக்ரோவோல்ட்டை மட்டும் இந்த டப்பாவால் அளக்க முடியாது. அதற்கு ஏடி797 வகைதான் வேண்டும், அதிலும் பல சிப்களை இணையாகப் போட வேண்டியிருக்கும்.

பவர் ரெயில் புரோப் என்றே தனியாக விற்கிறார்கள். கீசைட் என்7020ஏ, 2 கிகாஹெர்ட்ஸ், 24 வோல்ட் வரை ஆஃப்செட். பிராசசரின் 1 வோல்ட் ரெயிலில் மில்லிவோல்ட் கணக்கு பார்க்கும் லேபுக்கு அது நல்ல கருவி. ரிப்பேர் மேசைக்கு வேண்டாம்.

படகுக் கன்வெர்ட்டர் என்ன ஆயிற்று

கோஆக்ஸ் துண்டில் அளந்தபோது 280 காட்டிய அதே கன்வெர்ட்டர் 45 மில்லிவோல்ட் காட்டியது. ஷார்ட் சோதனையில் மிச்சம் 3. ஆக, கன்வெர்ட்டரில் கோளாறு இல்லை. ஆனால் மழை நிற்கவில்லையே? ஸ்கோப்பின் எஃப்எஃப்டியைப் (அலையை அலைவரிசைகளாகப் பிரித்துக் காட்டும் வசதி) போட்டேன். 100 கிலோஹெர்ட்ஸில் பெரிய கோடு, அதன் இரண்டாம் ஹார்மோனிக் 200-ல். அந்த எக்கோ சவுண்டர் 50-லும் 200 கிலோஹெர்ட்ஸிலும் வேலை செய்வது. சின்ன ரிப்பிள்தான், ஆனால் சவுண்டரின் காதுக்குள்ளேயே நேராகப் போய்க்கொண்டிருந்தது.

சவுண்டருக்குப் போகும் 12 வோல்ட் லைனில் 10 மைக்ரோஹென்றி சோக்கும் 470 மைக்ரோஃபாரடும் போட்டேன். 2.3 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே எல்லாம் அடங்கிவிடும். படகில் சவுண்டரின் டிரான்ஸ்டியூசர் (ஒலியை அனுப்பி வாங்கும் பாகம்) கேபிளும் கன்வெர்ட்டர் வயரும் ஒரே கட்டாகப் போயிருந்தன, அவற்றையும் பிரித்து எதிரெதிர்ப் பக்கமாக விட்டோம். துறைமுகத்திலேயே ஆன் செய்து பார்த்தார். "இப்ப தரை கோடு மட்டும்தாண்ணே இருக்கு," என்றார்.

அன்றிலிருந்து ஜாப் கார்டில் ரிப்பிளை வெறும் எண்ணாக எழுதுவதில்லை. அந்தக் கன்வெர்ட்டரின் கார்டில் இருப்பது இது: 12.1 வோல்ட், லோடு 3 ஆம்பியர், கோஆக்ஸ் 51 ஓம், 20 மெகாஹெர்ட்ஸ், முனையில் 0.1 மற்றும் 47, ரிப்பிள் 45 மில்லிவோல்ட், ஷார்ட் 3, பெரிய கோடுகள் 100 மற்றும் 200 கிலோஹெர்ட்ஸ்.